முக்கோணக் கூரைக்கு அடியில் யார் வசிக்கிறார்கள்?

கெர்பாவ் சாலையில் வானவில்லைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு வீடு இருக்கிறது. தேக்காவுக்குப் போகும் இளையர்களில் அதன் முன்னால் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை, இந்தப் பக்கத்திற்கு எழுதும் மாணவர்கள் பதினொரு பேருடன் அங்குப் போயிருந்தேன். எல்லாரும் ஆசை தீரப் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, “இது யாருடைய வீடு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “யாராச்சும் செட்டியார் வீடா இருக்கும் சார்,” என்றார் உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவர். “வீடா? சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சேன்,” என்றார் பக்கத்தில் நின்ற மாணவி.

அது டான் தெங் நியா என்ற சீன வணிகரின் வீடு. மிட்டாய்த் தொழில் செய்தவர். 1900ல் கட்டப்பட்ட அந்த வீடுதான் லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை. நாம் விழுந்து விழுந்து படம் எடுக்கும் அந்த நிறங்களை டான் பார்த்ததில்லை. 1980களில் வீட்டைப் புதுப்பித்த பிறகு வந்தவை அவை. வாசலுக்கு மேலே சீன எழுத்துப் பலகை ஒன்று இருக்கிறது. மாணவர்களின் கைப்பேசிகளை வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலான படங்களில் அந்தப் பலகை தெளிவாக விழுந்திருந்தது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி விடுமுறை வந்தால் தொடக்கநிலைப் பிள்ளைகளின் ஓவியங்கள் எங்கள் மேசையில் வந்து குவியும். ‘என் வீடு’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும், முக்கால்வாசிப் படங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். முக்கோணக் கூரை. அதன்மேல் ஒரு புகைபோக்கி. பின்னால் இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன். வாசலில் வேலி, பூச்செடி. தாளைத் திருப்பினால் முகவரி: ஈசூனில் ஒரு புளோக், பதினான்காவது மாடி.

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள புக்கிட் தீமா ஒன்றுதான் உண்டு. உயரம் ஏறக்குறைய 164 மீட்டர். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி ‘பினக்கல்’ வீவக புளோக்குகள் அதைவிடச் சில மீட்டர்தான் தாழ்ந்தவை. ஆனால், பிள்ளைகள் வரைவது எப்போதும் அந்த இரட்டை மலைகளைத்தான். கதைப் புத்தகத்தில் வீடு அப்படித்தான் இருக்கிறது. தான் தினமும் மின்தூக்கியில் ஏறிப்போகும் இடம் ‘வீடு’ என்ற சொல்லுக்குப் பொருத்தமில்லை என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே அப்படி முடிவுசெய்துவிடுகிறது. பெரியவர்களான பிறகும் நம்மில் பலர் அந்த முடிவை மாற்றிக்கொள்வதில்லை என்பதுதான் என் கவலை.

இன்றைய சமகாலக் கலையில் ஒரு பெரும்பகுதி இதைத்தான் தொட்டுப் பேசுகிறது. அறை, சுவர், படிக்கட்டு, தெரு, இடிபடும் கட்டடம், புதிதாக எழும் கட்டடம், இவற்றுக்குள் மனிதர் எப்படி அடங்கி வாழ்கிறார்கள் அல்லது அடங்க மறுக்கிறார்கள் என்பது. சமகாலக் கலை என்றதும் ‘புரியாத கிறுக்கல்’ என்று ஒதுங்குபவர்கள்கூட இந்த வகையில் எளிதாக உள்ளே நுழையலாம். ஏனென்றால் வீடு என்றால் என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும்.

சிம்ரின் கில் என்ற கலைஞரிடமிருந்து தொடங்குகிறேன். 1959ல் சிங்கப்பூரில் பிறந்தவர். மலேசியாவின் போர்ட் டிக்சனிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழ்ந்து வருபவர். 2013 வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவைப் பிரதிநிதித்தவர். 2001ல் அவர் ஒரு காரியம் செய்தார். எட்டு வாரங்கள் தீபகற்ப மலேசியா முழுவதும் சுற்றினார். முன்பின் அறியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்கள் வரவேற்பறையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். அப்படிச் சேர்ந்தவை 260 படங்கள். அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘டாலாம்’. மலாய் மொழியில் ‘உள்ளே’ என்றும் பொருள், ‘ஆழம்’ என்றும் பொருள்.

அந்தப் படங்களில் ஆட்களே இல்லை. யார் வீடு, எந்த ஊர், என்ன இனம் என்ற விவரமும் இல்லை. ஒரே அளவிலான சதுரப் படங்கள், வரிசை வரிசையாக. நான் முதலில் அவற்றை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது நாலைந்து பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். ‘இதில் என்ன இருக்கிறது, யாருடைய வீட்டிலும் இருக்கும் சோபாதானே’ என்று தோன்றியது. பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டேன். அதன்பின் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நாற்காலிகள் தொலைக்காட்சியைப் பார்த்து இருக்கின்றனவா, வாசலைப் பார்த்து இருக்கின்றனவா? சுவரில் மாட்டியிருப்பவை எந்த உயரத்தில் இருக்கின்றன? விருந்தாளிக்கென்று எதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்? இது ஒரு தமிழர் வீடு என்று நான் உறுதியாக நினைத்த அறையை மறுபடி பார்த்தபோது அந்த உறுதி ஆட்டம் கண்டது. எந்தப் பொருளை வைத்து அப்படி நினைத்தேன்? அதே பொருள் வேறொருவர் வீட்டில் இருக்கக்கூடாதா?

‘கேமரா இருந்தால் யாரும் எடுத்துவிடலாம்’ என்று மாணவர்கள் சொல்வதுண்டு. எடுக்கலாம்தான். ஆனால், 260 கதவுகளைத் தட்டவேண்டும். உள்ளே இருப்பவர்களைப் படத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லவேண்டும். எந்த அறையையும் அழகாக்கிக் காட்டக்கூடாது, கேலியும் செய்யக்கூடாது. அதையும் எட்டு வாரம் விடாமல் செய்யவேண்டும். திறமை விரலில் இல்லை, அந்த முடிவுகளில் இருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் அத்தை தங்ளின் ஹால்ட்டில் நாற்பது ஆண்டுக்கு மேல் வசித்தவர். 2014 ஜூனில் அங்குள்ள 31 புளோக்குகள் மறுமேம்பாட்டிற்காக அறிவிக்கப்பட்டன. அத்தையின் புளோக்கும் அதில் ஒன்று. பக்கத்திலேயே புதுவீடு, புது 99 ஆண்டு குத்தகை. மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கும். அத்தைக்கு மூட்டுவலி, அவர் மகிழ்ச்சியாகத்தான் போனார். அதை மறைத்து, இடிப்பவர்களைக் குற்றம் சொல்லி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வீட்டைக் காலி செய்வதற்கு முந்திய வாரம் குடும்பமே அங்குக் கூடினோம். பிரியாணி சமைத்தோம். நான் மட்டும் இருநூறு படங்களுக்குமேல் எடுத்திருப்பேன். சோபாவில் குடும்பமாக, தாழ்வாரத்தில் குடும்பமாக, மின்தூக்கி வாசலில் குடும்பமாக.

சென்ற ஆண்டு தீபாவளியன்று அத்தை கேட்டார். “அந்த வீட்டுல சாமி மேடைக்குப் பின்னால சுவரு என்ன கலருடா? உங்க மாமா அடிச்சது. எனக்கு மறந்தே போச்சு.”

கைப்பேசியை எடுத்துத் தேடினேன். இருநூறு படத்திலும் தேடினேன். சாமி மேடை ஒரு படத்தில் இருந்தது. அதன் முன்னால் நாங்கள் ஒன்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். சுவர் தெரியவில்லை. அடுப்பங்கரைக் கதவு நிலையில், நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது மாமா பென்சிலால் எங்கள் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருப்பார். அதையும் யாரும் எடுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சன்னல், துளசித் தொட்டியை வைத்து வைத்துத் தாழ்வாரத் தரையில் விழுந்த வட்டக் கறை, எதுவும் இல்லை. மாமா இப்போது இல்லை. அவரைக் கேட்கவும் வழியில்லை.

வீட்டைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு எங்களைத்தான் நான் எடுத்திருக்கிறேன். கெர்பாவ் சாலையில் நின்ற அந்தப் பதினொரு பேரைவிட நான் எந்த விதத்திலும் மேலானவன் அல்லன்.

டோ ஹோ சூ என்ற கொரியக் கலைஞர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. நியூயார்க்கில் ஒரு வாடகை வீட்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தவர் அவர். 2016ல் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்தது. வீட்டின் உட்புறம் முழுவதும் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினார். பிறகு வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். மின்விசைப் பொத்தான், கதவுக் கைப்பிடி, அலமாரி விளிம்பு, ஆணி இருந்த ஓட்டை, எல்லாமே தாளில் எழும்பி வந்தன. தொடக்கநிலை ஒன்றில் ஐம்பது காசைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்திருப்போமே, அதே வித்தைதான். வீடு முழுவதற்கும் அதைச் செய்தார். ஆங்கிலத்தில் ‘ரப்பிங்’ என்றால் தேய்ப்பது, ‘லவிங்’ என்றால் அன்பு செய்வது. கொரிய நாவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே படைப்புக்குப் பெயராக வைத்தார்.

லண்டனில் ரேச்சல் வைட்ரீட் செய்தது இதைவிடக் கடினமானது. கிழக்கு லண்டனின் குரோவ் சாலையில் வரிசை வீடுகளை இடித்துக்கொண்டே வந்தார்கள். எஞ்சி நின்ற ஒரு வீட்டின் உட்சுவர்கள்மேல் சிமெண்டுக் கலவையைத் தெளித்து, அது இறுகிய பிறகு வெளிச்சுவர்களை உரித்து எடுத்தார். அறைகளில் இருந்த வெற்றிடமே கல்லாகி நின்றது. 1993ல் அந்தப் படைப்புக்காகப் பேசப்பட்டார். அதே ஆண்டு டர்னர் பரிசை வென்ற முதல் பெண்ணும் ஆனார். பரிசு அறிவிக்கப்பட்ட அதே நாளில் அதை இடிக்க உள்ளூர் மன்றம் முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11ஆம் தேதி அது தரைமட்டமானது. மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அது கலையா, பணத்தைப் பாழாக்கும் வேலையா என்று அன்றைக்கு நாடே சண்டை போட்டது. நானாக இருந்தால் பென்சிலும் தாளுமே போதும் என்பேன். செலவு குறைவு, அண்டை வீட்டாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கும் இடத்தைப் புரட்டிப் போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2011 சிங்கப்பூர் ஈராண்டுக் கலைவிழாவின்போது தாட்சு நிஷி என்ற ஜப்பானியக் கலைஞர் மெர்லயனைச் சுற்றி ஒரு ஹோட்டல் அறையைக் கட்டினார். கட்டில், விளக்கு, குளியலறை எல்லாம் உண்டு; கட்டிலுக்குப் பக்கத்தில் மெர்லயனின் தலை. பகலில் பொதுமக்கள் வந்து பார்த்தார்கள், இரவில் பணம் கட்டித் தங்கவும் செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த சிலையை முதன்முறையாக அதன் பிடரிமயிரின் செதில் செதிலான வேலைப்பாட்டுடன் பலர் பார்த்தது அப்போதுதான்.

கிள்ளானில் பிறந்து சிங்கப்பூர்க் கலைஞரான குமாரி நாகப்பன் எதிர்த்திசையில் போனார். 2006ல் ஒரு பெரிய சிவப்பு மிளகாயை வெண்கலத்தில் வார்த்து, 1887ல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகக் கட்டடத்தின் வெளியே நிறுத்தினார். காலனித்துவக் காலத்துத் தூண்களுக்கு முன்னால் நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு! சாங்கி விமான நிலைய மூன்றாம் முனையத்தில் இருக்கும் ராட்சத மஞ்சாடி விதையும் அவர் படைப்புத்தான். அடுத்த முறை வழியனுப்பப் போகும்போது நின்று பாருங்கள்.

சுவரோவியங்களையும் சொல்லவேண்டும். 2015 முதல் லிட்டில் இந்தியாவின் சந்துகளில் நல்ல ஓவியங்கள் வந்திருக்கின்றன. பெலிலியோஸ் லேனில் கிளி சோதிடர் முதலான பழைய தொழிலாளர்களைத் தீட்டிய சுவர் எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் அங்குப் போகும்போதெல்லாம் ஓர் உறுத்தல். ஓவியத்தில் இருப்பவரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நாம், இரண்டு கடை தள்ளி இன்றைக்கும் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஓவியர் செய்த பிழையன்று அது. அவர் சுட்டிக் காட்டினார். நாம் சுட்டிய விரலைப் படம் எடுத்துக்கொண்டோம்.

‘இதெல்லாம் பழையதை நினைத்து ஏங்குவதுதானே’ என்று சில ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படி நான் நினைக்கவில்லை. சிங்கப்பூரில் வசிப்போரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறோம். நம் வாழ்க்கையின் வடிவத்தைப் பாதி தீர்மானிப்பது அந்தக் கட்டடங்கள்தாம். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. கீழ்த்தளத்தில் இன்று மலாய்த் திருமணம், அடுத்த வாரம் ஒரு சீனர் வீட்டு இறுதிச்சடங்கு, அதற்கடுத்து நம் வீட்டுத் துக்கம். ஒரே தூண்கள், ஒரே தரை. தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டாகவேண்டும். அந்த 1.2 மீட்டருக்கு அப்பால் எஞ்சும் துண்டில்தான் நம் வீட்டுச் செருப்பு அடுக்கு, துளசித் தொட்டி, சில வீடுகளில் பொங்கலன்று கோலம் எல்லாம் இடம் பிடிக்கின்றன. எந்தச் சட்டமும் கோலத்தின் அளவைச் சொல்லவில்லை. ஆனால், நம் வீட்டுக் கோலம் தாழ்வாரத்தின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதைப் பற்றி ஒரு கலைப்படைப்பு செய்தால் அது ஏக்கமா? இன்றைய நடப்பு அது.

எல்லாம் மாறிக்கொண்டிருக்கும் நாட்டில் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு வேலை அதிகம். அந்த வேலையை நம் வீடுகளுக்குள் வந்து நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை. பத்திரிகையில் வரும் தமிழர் படங்களை எடுத்துப் பாருங்கள்: தைப்பூசக் காவடி, தீபாவளி ஒளியூட்டு, பொங்கல் பானை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு தமிழர் வீட்டு அடுப்பங்கரை எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஆவணக் கட்டுகளில் ஒரு படமும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதனால் இந்தப் பக்கம் ஒரு வேலையைத் தொடங்குகிறது. உங்கள் வீட்டில் ஓர் அறையைப் படம் எடுத்து அனுப்புங்கள். வரவேற்பறை, அடுப்பங்கரை, இருவர் பகிர்ந்துகொள்ளும் படுக்கையறை, எதுவானாலும் சரி. படத்தில் ஆள் இருக்கக்கூடாது. பெயரும் முகவரியும் அச்சில் வராது. வீட்டில் உள்ளவர்கள் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். சிம்ரின் கில்லும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். படத்தோடு ஐந்து வரி எழுதுங்கள். அறை அழகாக இருக்கிறது என்று எழுதவேண்டாம். எது எங்கே இருக்கிறது, யார் அதை அங்கே வைத்தார்கள், ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று எழுதுங்கள். கலை பாடமாக எடுக்காதவர்களும் அனுப்பலாம். படம் எடுக்க விருப்பமில்லையா, தாளும் பென்சிலும் எடுத்து ஒரு சுவிட்சையோ கதவு எண்ணையோ தேய்த்து அனுப்புங்கள்.

முதல் படத்தை நான் எடுத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் புதுவீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த நீலப் பிளாஸ்டிக் வாளியை உள்ளே கொண்டுபோய் மறைத்துவைத்தார். நான் அதைத் திரும்ப எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தேன்.

“வாளியவாடா பேப்பர்ல போடப் போற?” என்று அத்தை கேட்டார்.

ஆமாம் என்றேன். சுவரின் நிறத்தையும் குறித்துக்கொண்டேன். இளம் பச்சை.